சேக்காளியோடு நெல்லையில் சாப்பிடக் கிளம்பினால்: டவுணா, ஜங்ஷனா, பாளையா, பார்டரா?

வெளியூரில் வேலை பார்க்கும் சேக்காளி ஒருத்தர் திருநெல்வேலிக்கு வருகிறார். கையில் ஒரு நாளோ அரை நாளோதான் இருக்கிறது, ரெண்டு பேருமாக நாலு கடை ஏறி இறங்க வேண்டும், இனிப்பும் வேண்டும் காரமும் வேண்டும், நடுவில் உட்கார்ந்து பேசவும் வேண்டும். எங்கே போகலாம் என்று கேட்கிறவர்கள் எல்லாரும் கடைப் பெயரைத்தான் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு ஊருக்குள் இருப்பீர்கள்?

ஏனென்றால் இந்த ஊரில் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு வேளை உண்டு. பதநீர் காலையில், சோறு மத்தியானம், சூடான அல்வா சாயங்காலம், பரோட்டா இருட்டினதுக்கு அப்புறம். காலை பத்து மணிக்கு டவுணில் இறங்கி, அல்வாவுக்குப் பேர் பெற்ற இருட்டுக்கடை எங்கே என்று விசாரித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும், மூடின கதவைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போவார்கள். அதனால் "எந்தக் கடை நல்ல கடை" என்பதைப் பற்றி இங்கே அதிகம் எழுதவில்லை. எந்தப் பகுதிக்கு எந்த நேரத்தில், யாரோடு போவது என்பதுதான் விஷயம். டவுண் என்றால் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றின பகுதி, ஜங்ஷன் என்றால் ரயிலடிப் பக்கம், பாளை என்றால் ஆற்றைத் தாண்டி இருக்கும் பாளையங்கோட்டை, பார்டர் என்றால் செங்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பிரானூர்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

நேரம். சொல்லிவிட்டேன். இதுதான் முதல் கணக்கு, மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

வயிற்றில் இருக்கும் இடம். நெய்யும் சீனியும் சேர்ந்த பண்டத்தை ஒரு வாய் சாப்பிட்டதும் பசி பாதி அடங்கிவிடும். நாலு கடை ஏற வேண்டுமென்றால் ஒவ்வொன்றிலும் ரெண்டு பேருக்கு ஒரு தட்டு என்று வைத்துக்கொள்ள வேண்டும். பகிர்ந்து சாப்பிடத் தோதான பண்டமா, ஆளுக்கொரு தட்டு வாங்கியே தீரவேண்டிய பண்டமா என்பதையும் பாருங்கள். பரோட்டாவைப் பிய்த்துப் பங்கு போடலாம், அல்வாவைப் பங்கு போடலாம். பொங்கலைப் பங்கு போட முடியும், ஆனால் யாருக்கும் திருப்தி இருக்காது.

உட்கார்ந்து பேச இடம். ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கிறீர்கள் என்றால் இது சாப்பாட்டை விடப் பெரிய விஷயம். நல்ல கடைகள் பலவற்றில் பின்னால் ஆள் நின்றுகொண்டிருப்பார், இலையை மடக்கியதும் எழுந்துவிட வேண்டும்.

செலவு. பில்லில் வருவது ஒன்று, பில்லில் வராதது இன்னொன்று. ஆட்டோ, வண்டி நிறுத்தம், வரிசையில் நிற்கும் நேரம், "வந்ததே வந்தோம், வீட்டுக்கும் கொஞ்சம்" என்று வாங்கிக் குவிக்கும் பார்சல் எல்லாம் இரண்டாவது வகை. நெல்லையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் பெரிது.

இங்கே மட்டும் கிடைப்பதா. சேக்காளி இருக்கும் ஊரிலேயே கிடைக்கும் பண்டத்தை இங்கே வந்து சாப்பிட ஒரு வேளையைச் செலவழிக்கலாமா என்பது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன், கீழே தெரியும்.

அப்புறம், அவர் சைவமா அசைவமா, சர்க்கரை வியாதி உண்டா என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் என்றால் அல்வாவும் பரோட்டாவும் ஒரே அடியில் போய்விடும், திட்டமே வேறு.

| | டவுண் | ஜங்ஷன் | பாளை, வண்ணார்பேட்டை | பிரானூர் பார்டர், குற்றாலம் |
|---|---|---|---|---|
| ஏற்ற நேரம் | மாலை 4 முதல் 8 வரை | காலை டிபன் நேரம். பார்சலுக்கு எப்போதும் | மத்தியானம், பிறகு இரவு 7-க்கு மேல் | ஒரு முழு நாள் |
| இனிப்பு | சூடான அல்வா | அல்வா, மற்ற லாலா கடை இனிப்புகள் | பலூடா, ஐஸ்கிரீம், கேக் | சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான் |
| காரம் | பஜ்ஜி, வடை, காரச்சேவு | இட்லி, பொங்கல், பூரி | பிரியாணி, பரோட்டா, சாப்பாடு | பரோட்டா, நாட்டுக்கோழி |
| உட்கார்ந்து பேச | இடம் இல்லை, நடந்துகொண்டே பேசலாம் | அரை மணி நேரம் | தாராளம் | பேச்செல்லாம் பயணத்தில்தான் |
| பில்லில் வராத செலவு | வரிசை, வண்டி நிறுத்தம் | நெரிசல், பார்சல் ஆசை | ஆட்டோ, காத்திருப்பு | நேரம், பெட்ரோல், திரும்பும் களைப்பு |
| நடந்தே முடியுமா | முடியும் | முடியும் | முடியாது | முடியாது |

## டவுண்: சாயங்காலம் கையில் இருந்தால் வேறு யோசனை வேண்டாம்

நெல்லையப்பர் கோயில் மத்தியானம் நடை சாத்திவிட்டு மாலையில்தான் திறக்கும். சாமி கும்பிடும் பழக்கம் இல்லாதவராக இருந்தாலும் உள்ளே ஒரு சுற்றுச் சுற்றி வரலாம், இசைத்தூண்களையும் தாமிர சபையையும் பார்ப்பதற்கு மட்டுமே ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். வெளியே வந்தால் எதிரே கீழ ரத வீதி. இருட்டுக்கடை அங்கேதான். மாலை ஐந்து மணிவாக்கில் திறப்பார்கள், சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்துவிடும். நூறு வருடத்துக்கு மேல் ஓடும் கடை, இத்தனை பேர் வந்தும் அதே இடத்தில் அதே சாயங்காலக் கணக்கில்தான் வியாபாரம் நடக்கிறது.

அல்வாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், டவுணா ஜங்ஷனா என்ற கேள்விக்குப் பாதி விடை அதில் இருக்கிறது. சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிவார்கள். அந்தப் பாலைப் புளிக்கவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் நீரை இறுத்துவிட்டு, சீனியும் நெய்யும் சேர்த்து மணிக்கணக்கில் கிண்டுவார்கள். தாமிரபரணித் தண்ணீர்தான் ருசிக்குக் காரணம் என்று ஊரில் எல்லாரும் சொல்வோம். சரி, அது ஊர்ப்பற்றாகவே இருக்கட்டும், புளித்த பாலும் நெய்யும் கிண்டுகிற கையும் அதே அளவுக்குக் காரணம். இப்படிக் கிண்டி இறக்கின அல்வா சூடாக இருக்கும்போது நெய் இளகி நிற்கும், விரலில் நிற்காமல் வழுக்கும், வாயில் போட்டால் மெல்ல வேண்டிய வேலையே இல்லை. ஆறின பிறகு கோதுமைப்பால் இறுகிக்கொள்ளும், நெய் உறையும், பல்லுக்கு வேலை வரும். ஆறினதும் நல்ல பண்டம்தான், ஆனால் வேறு பண்டம். வருஷக்கணக்காகப் பார்சல் அல்வா சாப்பிட்டவர்கூட நெல்லைக்கு வந்து ஒரு தடவை சூடாகச் சாப்பிட்டால் முகம் மாறுவதைப் பார்க்கலாம். அந்தச் சூட்டுக்காகத்தான் டவுணுக்குச் சாயங்காலம் போவது.

ரெண்டு பேருக்கு 100 கிராம் போதும். கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள், அதற்கு மேல் வாங்கினால் கடைசி ரெண்டு வாய் ருசியே தெரியாமல் உள்ளே போகும், அதன் பிறகு வேறு எதையும் சாப்பிடவும் முடியாது. இலைத் துண்டிலோ தாளிலோ வாங்கி, கூட்டத்தை விட்டுத் தள்ளி நின்று, உடனே சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுப்பதென்றால் ஒரே படம், நீங்கள் கோணம் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நெய் உறைய ஆரம்பித்துவிடும். அப்புறம் பக்கத்தில் கொஞ்சம் காரச்சேவோ மிக்சரோ. இனிப்புக்குப் பின்னால் காரம் வரும் இந்த வரிசையை மாற்றாதீர்கள், முதலில் பஜ்ஜியைத் தின்றுவிட்டு அல்வாவுக்கு வந்தால் எண்ணெய்ச் சுவைக்கு மேல் நெய் எடுபடாது.

அதற்குப் பிறகு நடை. நாலு ரத வீதியும் ஒரு சுற்று, வாகையடி முக்கு, சந்திப் பிள்ளையார் முக்கு என்று எங்கே தோன்றுகிறதோ அங்கே நின்று ஒரு உளுந்த வடை, ஒரு வாழைக்காய் பஜ்ஜி, ஒரு டீ. "அண்ணாச்சி, ரெண்டு டீ, ஒண்ணு சீனி கம்மியா" என்று சொன்னால் முடிந்தது. பாத்திரக்கடை, பூக்கடை, ஜவுளிக்கடை என்று தெருவே விழித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. டவுணில் உட்கார்ந்து பேச இடம் குறைவு என்பது உண்மை, ஆனால் நடந்துகொண்டே பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, ஒருத்தரை ஒருத்தர் நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை என்பதால் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்லத் தயங்கும் பல சங்கதிகள் இங்கே வெளியே வந்துவிடும்.

இனி செலவு. சாப்பாட்டுக்கு ஆகும் காசு நாலு இடத்திலும் டவுணில்தான் குறைவு. ஆனால் காரை எடுத்துக்கொண்டு ரத வீதிக்குள் போனால் நிறுத்த இடம் தேடியே பாதி மாலை போய்விடும். பைக் என்றால் எப்படியாவது சமாளிக்கலாம். ஜங்ஷனிலிருந்து டவுண் பஸ் அடிக்கடி உண்டு, தூரமும் சுமார் 3 கிலோமீட்டர்தான், அதில் போவதே நல்லது. அடுத்தது வரிசை. சனி, ஞாயிறு, தீபாவளிக்கு முந்தின நாட்கள், ஆனித் தேரோட்டச் சமயம் என்றால் வரிசை நீண்டுகொண்டே போகும். அப்படி ஒரு நாளில் மாட்டிக்கொண்டால் என் யோசனை இது: அதே சுற்றுவட்டாரத்தில் அல்வா போடும் மற்றக் கடைகள் இருக்கின்றன, சாயங்காலம் அங்கேயும் சூடாகவே இருக்கும், அங்கே வாங்கிச் சாப்பிடுங்கள். பேர் பெற்ற கடைக்கும் அதற்கும் ருசியில் வித்தியாசம் உண்டுதான், ஆனால் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்கும் அளவுக்கு இல்லை. அந்த ஒரு மணி நேரம் உங்கள் சேக்காளியோடு இருக்கக் கிடைத்த நேரம்.

முழங்கால் வலி உள்ளவர், கைக்குழந்தையோடு வருகிறவர், இனிப்பைத் தொட முடியாதவர் என்றால் டவுணைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். அவர்களுக்கு அங்கே கிடைப்பது நெரிசல்தான்.

## ஜங்ஷன்: ரயிலடியில் இறங்கினவருக்கு

சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்குகிறவருக்கு ஜங்ஷன்தான் சரி. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நடக்கிற தூரத்தில் டிபன் கடைகள். இட்லி, பொங்கல், உளுந்த வடை, பூரி, காப்பி. இதில் ஊரின் தனி ருசி என்று எதைச் சொல்வேன் என்றால், இட்லிக்குக் கூட வரும் சட்னி, சாம்பாரின் பதம். இங்கத்திச் சமையலில் தேங்காய் கை நிறைய விழும், அது முதல் வாயிலேயே தெரியும். காலை டிபனை ஆளுக்கொரு தட்டாகவே வாங்குங்கள், ராத்திரி முழுக்க ரயிலில் வந்தவரிடம் பாதி வடையைக் கொடுப்பது நியாயம் இல்லை.

இனிப்புக்கு இங்கே குறைவில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வரிசையாக லாலா கடைகள், சாந்தி ஸ்வீட்ஸ் இருப்பதும் இந்தப் பக்கம்தான். அந்தப் பெயரைச் சுற்றி அதே மாதிரிப் பலகைகள் பல தொங்கும் என்பதால் வெளியூர்க்காரர் குழம்பிப் போவார். உள்ளூர்க்காரர் ஒருத்தரிடம் கேட்டுக்கொண்டு போவது நல்லது. பஸ் நின்ற இடத்துக்கு நேர் எதிரே இருக்கிறது என்பதற்காக மட்டும் எந்தக் கடையிலும் ஏறாதீர்கள், ருசி பார்க்கக் கேட்டால் ஒரு துண்டு கொடுக்கிற கடையில் வாங்குங்கள்.

ஜங்ஷனில் அல்வா பகல் நேரத்திலும் கிடைக்கும் என்பது வசதி. ஊருக்குக் கொண்டுபோக வாங்குகிறீர்கள் என்றால் அது எப்படியும் ஆறத்தான் போகிறது, அதற்காக டவுண் வரிசையில் நிற்க வேண்டியதில்லை, இங்கேயே வாங்கிவிடலாம். நின்று சாப்பிட டவுண், தூக்கிக்கொண்டு போக ஜங்ஷன். இந்த ஒன்றைப் பிரித்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பில்லில் வராத செலவு இங்கே பார்சல்தான். அரைக் கிலோ என்று போய் ரெண்டு கிலோவோடு வெளியே வருவோம். யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேசுவதற்கு இடம் என்று பார்த்தால், டிபன் கடையில் காப்பி குடித்து முடிக்கும் வரைதான். அதற்கு மேல் உட்கார்ந்தால் காத்திருப்பவரின் பார்வை முதுகில் படும். ஈரடுக்கு மேம்பாலத்தைச் சுற்றின நெரிசலில் நின்று பேசவும் முடியாது. ஜங்ஷனை ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டு நகர்ந்துவிட வேண்டும்.

## பாளையும் வண்ணார்பேட்டையும்: பேச்சுதான் முக்கியம் என்றால்

1843-இல் கட்டின சுலோசன முதலியார் பாலத்தில் ஆற்றைத் தாண்டினால் ஊரின் நடையே மாறிவிடும். வண்ணார்பேட்டையில் பெரிய துணிக்கடைகள், குளிர்சாதன வசதியுள்ள ஓட்டல்கள். பாளையங்கோட்டையில் கல்லூரிகள், அதனால் சாயங்காலம் ஜூஸ் கடை, ஐஸ்கிரீம் கடை, பேக்கரி எல்லாம் நிறைந்திருக்கும். முருகன்குறிச்சி, சமாதானபுரம், ஐகிரவுண்ட், பெருமாள்புரம், மகாராஜநகர் என்று கடைகள் சிதறிக் கிடப்பதால் இங்கே நடந்து சுற்ற முடியாது. கடைக்குக் கடை ஆட்டோ பிடித்தால் சாப்பிட்ட காசை விட ஆட்டோக் காசு கூடிவிடும். பைக் இருந்தால்தான் பாளையில் நாலு கடை என்பது நடக்கிற காரியம், இல்லாவிட்டால் ஒரே கடையைத் தேர்ந்துகொண்டு அங்கேயே இருந்துவிடுங்கள்.

இனிப்பு விஷயத்தில் எனக்கு இங்கே ஒரு குறை உண்டு. பலூடாவும் பிரவுனியும் மதுரையிலும் கிடைக்கும், கோயம்புத்தூரிலும் கிடைக்கும், சேக்காளி வீட்டுத் தெருமுனையிலும் கிடைக்கும். இங்கே வந்து அதைச் சாப்பிடத் தனியாக ஒரு காரணம் இல்லை. ஆனாலும் நாங்கள் உள்ளூர்க்காரர்கள் சந்தித்துக்கொள்வதென்றால் பெரும்பாலும் பாளையில்தான் சந்திப்போம், காரணம் நாற்காலி. ஒரு பலூடாவை ரெண்டு கரண்டியோடு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசலாம், யாரும் எழுந்திருக்கச் சொல்ல மாட்டார்கள். சித்திரை வெயிலில் இந்தக் குளிர்ந்த இடத்துக்காகவே போகலாம். வேலை போனது, கல்யாணம் நின்றது, வீட்டில் சண்டை என்று மனம்விட்டுப் பேச வேண்டிய சங்கதியோடு ஒருத்தர் வருகிறார் என்றால் அல்வாவும் வேண்டாம், பார்டரும் வேண்டாம், நேராகப் பாளைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மூலை மேஜையைப் பிடியுங்கள்.

அசைவத்துக்கும் இந்தப் பக்கம் வசதி அதிகம். இரவு ஏழு மணிக்கு மேல் பரோட்டாக் கல் சூடேறிவிடும். பரோட்டா, சால்னா, முட்டை, கொத்து. கொஞ்சம் தள்ளி மேலப்பாளையத்துக்குப் போனால் பிரியாணி. ரமலான் மாதத்தில் வருகிறவர் என்றால் சாயங்காலம் அந்தப் பக்கம் ஒரு நடை போய் வருவது நல்ல அனுபவம். செவ்வாய்க்கிழமை அங்கே கால்நடைச் சந்தை கூடும் நாள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குச் சாலையில் வண்டி நகராது.

குளிர்சாதன ஓட்டல்களில் விலைப்பட்டியல் விலைக்கு மேல் ஐந்து சதவீத ஜிஎஸ்டி, தண்ணீர் பாட்டில், ஞாயிறு மத்தியானம் என்றால் மேஜை கிடைக்கக் காத்திருப்பு. டவுணில் மாலை முழுக்கச் சாப்பிட்ட காசு இங்கே ஒரு ஆளின் பில்லுக்கே போதாமல் போகலாம்.

மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நெல்லைச் சாப்பாட்டில் எதையெல்லாம் நாங்கள் பெருமையாகச் சொல்வோமோ அதெல்லாம் பெரும்பாலும் ஓட்டலில் இல்லை. தேங்காய்ப்பால் ஊற்றிக் காய்கறி போட்டு வைக்கும் சொதி, அதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கறுப்பு உளுந்தம்பருப்பு போட்டுப் பொங்கின சோறு, அதோடு எள்ளுத் துவையலும் அவியலும். கூட்டாஞ்சோறு. இடிசாம்பார். சில ஓட்டல்களில் சில நாள் போடுவார்கள், முன்கூட்டியே விசாரித்துவிட்டுப் போக வேண்டும், நம்பிப் போனால் வெறும் சாம்பார் சாதத்தோடு திரும்ப நேரும். உங்கள் வீடு உள்ளூரில் இருந்து, வீட்டில் சமைக்கிறவர்களுக்குச் சிரமம் இல்லையென்றால் மத்தியானத்தை வீட்டில் வையுங்கள். கடை சுற்றுவதைப் பற்றிய கட்டுரையில் இதைச் சொல்வது பொருத்தமா என்று யோசித்தேன், ஆனால் சொதிக்கு இணையாக எந்தக் கடையையும் என்னால் காட்ட முடியவில்லை. சமைப்பது நீங்களே என்றால் இன்னும் நல்லது, சேக்காளியைத் தேங்காய் துருவச் சொல்லலாம்.

## பிரானூர் பார்டர், குற்றாலம்: ஒரு நாள் முழுக்க இருந்தால்

செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது, எல்லை மாறின பிறகும் பார்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமும் ஆகிவிட்டது, இருந்தாலும் பார்டர் பரோட்டாவை நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சின்னச் சின்னப் பரோட்டா, நாட்டுக்கோழி, பிச்சிப்போட்ட கோழி, இலையில் குளம்போல நிற்கும் சால்னா. ரஹ்மத் கடைக்குத்தான் கூட்டம் அதிகம். பரோட்டா சின்னதாக இருப்பதால் எண்ணிக்கை தெரியாமல் உள்ளே போய்விடும், ரெண்டு பேருக்குமாக ஒரு கோழி அயிட்டம் மட்டும் சொல்லிவிட்டுப் பரோட்டாவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நெல்லையிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். பஸ்ஸில் போனாலும் ரயிலில் போனாலும் ஒரு வழிக்கே ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்தை ஒதுக்க வேண்டும். ரயில் என்றால் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி வழியாக வயலும் மலையும் பார்த்துக்கொண்டே போகலாம், கல்லிடைக்குறிச்சி அப்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தென்காசி வந்துவிடும். பயணமே பேச்சுக்கான இடமாகிவிடுகிறது என்பது இந்த ஏற்பாட்டின் நல்ல பக்கம். பரோட்டாவுக்காக மட்டும் போவது என்றால் எனக்குச் சம்மதம் இல்லை, அரை மணி நேரச் சாப்பாட்டுக்கு நாலு மணி நேரப் பயணம் ஆகிறது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் சீசன், அப்போது கணக்கு மாறும். காலையில் போய் அருவியில் குளித்து, நன்றாகப் பசி எடுத்த பிறகு பார்டரில் உட்கார்ந்தால் அந்தச் சாப்பாட்டுக்கு ஈடு கிடையாது. குளிக்கிறதுக்கு முன்னால் சாப்பிடாதீர்கள், சால்னா நிறைந்த வயிற்றோடு அருவிக்கு அடியில் நிற்பது சிரமம். இனிப்புக்கு அங்கே அல்வா தேட வேண்டாம், சீசனில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் சாலை ஓரத்தில் குவித்து வைத்திருப்பார்கள், அதை வாங்கி உரித்துத் தின்றுகொண்டே திரும்பலாம். அந்தப் பழங்கள் எந்த ஐஸ்கிரீமுக்கும் மேல்.

செலவென்று பார்த்தால், பெட்ரோல் அல்லது டிக்கெட், சீசன் கூட்டத்தில் வண்டி நிறுத்தக் காசு, சில சமயம் அருவியில் தண்ணீர் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டுவிட்டால் ஏமாற்றம். கிளம்புவதற்கு முன் அருவி நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் பைக்கில் திரும்புவதாக இருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்ட தூக்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். இருட்டுவதற்குள் ஊருக்குத் திரும்பும்படி மத்தியானச் சாப்பாடாகவே பார்டரை வைத்துக்கொள்ளுங்கள்.

சைவச் சேக்காளியைப் பார்டருக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் பரோட்டாவைச் சீனி தொட்டுத் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு நீங்கள் கோழி தின்ன முடியாது.

## தூத்துக்குடி

இதையும் கேட்கிறார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்த மக்ரூன், பொரிச்ச பரோட்டா, ரெண்டும் நல்ல காரணங்கள்தான். ஆனால் சுமார் 50 கிலோமீட்டர், அதுவும் வேறொரு ஊர். சேக்காளி வாகைக்குளத்தில் விமானம் ஏறப் போகிறார் என்றால் தூத்துக்குடியை அந்தப் பயணத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்காக நெல்லை மாலையை விட்டுக்கொடுக்க வேண்டாம்.

## ரெண்டு இடத்தைச் சேர்க்க வேண்டுமென்றால்

மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் ரெண்டு இடம் போதும், மூன்றாவதைச் சேர்த்தால் சாப்பிடும் நேரத்தை விட ஆட்டோவில் இருக்கும் நேரம் கூடிவிடும்.

காலை ரயிலில் வந்து இரவு ரயிலில் திரும்புகிறவர்: ஜங்ஷனில் டிபன், மத்தியானம் வீடு அல்லது வண்ணார்பேட்டை ஓட்டல், கொஞ்சம் ஓய்வு, நாலரை மணிக்கு டவுண். ரயிலுக்குப் போகும் வழியில் ஜங்ஷனில் பார்சல். இது எனக்குப் பிடித்த ஏற்பாடு, யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மத்தியானம் வந்து இரவு தங்குகிறவர்: டவுணில் சாயங்காலம், அங்கே வயிற்றை அரைவாசியோடு நிறுத்திக்கொண்டு எட்டரை மணிக்குப் பாளையில் பரோட்டா. டவுணில் பஜ்ஜியை ஒன்றோடு நிறுத்தினால்தான் இது நடக்கும்.

வந்தே பாரத்தில் இரவு பத்தரை மணிவாக்கில் வந்து இறங்குகிறவர்: அன்றைக்குப் பரோட்டாக் கடை மட்டும்தான், இனிப்பையெல்லாம் மறுநாளைக்கு வையுங்கள்.

பங்குனியிலிருந்து ஆனி வரை வருகிறவர் என்றால் இந்த எல்லாத் திட்டத்திலும் காலையில் ஒரு பதநீரைச் செருகிவிடுங்கள். ஊரை விட்டுக் கொஞ்சம் வெளியே, சாலை ஓரத்தில் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள், நுங்கை வழித்துப் போட்டுக் குடிக்கலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும், நேரமானால் புளிப்பு தட்டும். அல்வா ஒத்துக்கொள்ளாதவருக்கு நெல்லைச் சீமை தரும் இனிப்பு இதுதான், ஆனால் சர்க்கரை வியாதிக்காரருக்கு இதையும் கொடுக்காதீர்கள், பனையிலிருந்து வந்தாலும் சர்க்கரை சர்க்கரைதான்.

வாங்கின அல்வாவை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டாம், கல்லாக இறுகிவிடும். நெய்யும் சீனியும் இருப்பதால் வெளியிலேயே பல நாள் தாங்கும். சாப்பிடும்போது ஒரு கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தைக் கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கொஞ்ச நேரம் வைத்தால் நெய் மறுபடி இளகிவிடும், டவுண் சூட்டுக்கு முக்கால்வாசி அருகில் வரும். சென்னைக்குப் போகும் வந்தே பாரத் காலை ஆறு மணிவாக்கில் கிளம்பிவிடுவதால், அதில் போகிறவர் பார்சலை முந்தின நாள் ராத்திரியே வாங்கிப் பையில் வைத்துவிட வேண்டும்.